குடக்கூலி ஊர்

திருவல்லிக்கேணியில் ஒரு பெட்ரூம் போர்ஷனில் குடியிருக்கிறேன். மாடிப்படியில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். இந்த ஊரே ஒரு காலத்தில் குத்தகைக்குப் போனதுதான். 1676இல் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து ஆண்டுக்கு 50 வராகனுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்தது.

பிறகு வந்தவை ஒண்டுக்குடித்தனங்கள்: நடுவே முற்றம், எல்லோருக்கும் ஒரே குழாயடி, ராத்திரி விளக்கு எரிந்தால் முறைக்கும் வீட்டுக்காரர். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியும் வாடகைக்குத்தான் இருந்தார். அந்த வீடு இன்று நினைவில்லம்.

முற்றங்களை இடித்து ஃபிளாட் கட்டியாயிற்று. பத்து மாத அட்வான்ஸ் மட்டும் அசையவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் போதும் என்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாமாம்! கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.