பாலைவனத்துக்குப் போன சவேரியார்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், முள்ளும் கள்ளியுமாகக் கிடக்கும் வெட்டவெளியில் வெள்ளை வெளேரென்று ஒரு கோயில் நிற்கிறது. பெயர் சான் சேவியர் டெல் பாக். அந்தச் சேவியர் வேறு யாருமல்ல, முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் நடந்து திரிந்த நம் சவேரியார்தான். அமெரிக்கா பக்கமே போகாத மனிதர். 1552இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் இறந்துபோனார். அவர் பெயர் அங்கே போன கதைக்குப் பின்னால் இருப்பவை ஒரு நோயும் ஒரு சீட்டும்.

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் பிறந்த யூசேபியோ கீனோ, இளவயதில் கடும் நோயில் விழுந்தபோது சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்தெழுந்ததும் சேசு சபையில் சேர்ந்தார். பிரான்சிஸ்கோ என்ற சவேரியாரின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவரைப் போலவே கிழக்கே போகத்தான் ஆசை. ஆனால் அப்போது ஆள் தேவைப்பட்ட இடங்கள் பிலிப்பைன்ஸும் மெக்சிகோவும். கீனோவும் இன்னொரு துறவியும் சீட்டெடுத்தார்கள். கீனோவுக்கு மெக்சிகோ விழுந்தது.

1692இல் குதிரையில் வடக்கே வந்தவர், ஓதம் பழங்குடியினரின் வாக் என்ற ஊரை அடைந்தார். மணலுக்கடியில் மறைந்து ஓடும் ஆறு அங்கேதான் மேலே தலைகாட்டும். ஊர்ப்பெயரின் பொருளும் அதுவே. ஸ்பானியர் வாயில் வாக், பாக் ஆயிற்று. 1700இல் அங்கே ஒரு கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார். அவர் காலத்தில் அது முடியவில்லை.

இன்று நாம் பார்ப்பது அதுவல்ல. 1767இல் ஸ்பானிய மன்னர் சேசு சபையாரைத் துரத்திவிட, பிரான்சிஸ்கன் துறவிகள் வந்தார்கள். அவர்களில் வெல்டெர்ரைன் என்பவர், இனிமேல் விளையப்போகும் கோதுமையை ஈடாகச் சொல்லி ஒரு பண்ணைக்காரரிடம் 7,000 பெசோ கடன் வாங்கினார். 1783இல் வேலை தொடங்கியது. நீள உத்தரங்களுக்கு மரம் அரிது; ஆகவே கூரை முழுக்கச் செங்கல் வளைவும் கும்மட்டமும்தான். உழைத்த கைகள் ஓதம் மக்களுடையவை. கடன் வாங்கியவர் பாதியிலேயே இறந்தார். 1797இல் வேலை நின்றபோது கிழக்குக் கோபுரத்துக்குக் கும்மட்டம் வைக்கவில்லை. இன்றும் மொட்டையாகவே இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் விழுந்து இறந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. விளையாத கோதுமையை நம்பிக் கட்டிய கோயிலில் பணம் தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

முகப்பில் இந்தப் பக்கம் ஒரு பூனை, அந்தப் பக்கம் ஒரு எலி. பூனை எலியைப் பிடிக்கும் நாளில் உலகம் அழியும் என்பார்கள். உள்ளே, மேற்குப் பக்கப் பீடத்தில் போர்வைக்குள் படுத்திருக்கிறார் சவேரியார். கை, கால், கண் வடிவில் சிறு உலோகத் தகடுகளைப் போர்வையில் குத்திவைக்கிறார்கள். தலையைப் பூப்போலத் தூக்கிப் பார்த்து வேண்டிக்கொள்கிறார்கள். அது முதலில் சவேரியார் சிலையே அல்ல, கல்லறையில் கிடத்திய இயேசுவின் சுரூபம். கும்பிடுகிறவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் சுவரைக் காப்பதாக நினைத்து சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே ஓவியங்களைத் தின்றது. பிறகு அதைப் பெயர்த்து, சப்பாத்திக்கள்ளிச் சாறு கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூச வேண்டியதாயிற்று.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இன்றும் ஓதம் மக்களின் பங்குக் கோயில். பூசை நேரத்தில் கேமராவைப் பைக்குள் வையுங்கள். வெளியே பந்தலடியில் அந்த ஊர்ப் பெண்கள் எண்ணெயில் பொரித்த ரொட்டி விற்பார்கள். சூடாக வாங்கித் தின்னுங்கள்.