தேக்காவிலிருந்து பொங்கோல் வரை: ஒரு நெடுநடைத் திட்டமும் வழியின் வரலாறும்

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையிலுள்ள பொங்கோல், இன்று நெடுந்தொலைவு நடைபாதைகள் பல வந்து கூடும் இடமாக விளங்குகிறது. நம் துறை மாணவர் குழுவொன்றை ஒருநாள் ஆய்வு நடைக்கு அங்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, எவ்வழியாகச் செல்வது என்னும் எளிய வினா முதலில் எழுந்தது. தொலைவு, நிழல், குடிநீர் ஆகியவற்றைக் கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும் என்றே எண்ணினோம். ஆனால் வழிகளை ஒப்புநோக்கியபோது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை வரலாற்றைச் சொல்வதையும், சிலவற்றைச் சொல்லாது விடுவதையும் கண்டோம். ஒரு நடையைத் திட்டமிடுவோர் எங்கெங்கு நிற்பது என்று முடிவு செய்யும்போதே, எதனை நினைவிற் கொள்வது என்பதையும் முடிவு செய்துவிடுகின்றனர். இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

ஆற்றுப்படுத்தும் மரபு

நெடுவழி நடைக்குத் திட்டம் வகுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியிடை ஊர்கள், அங்குக் கிடைக்கும் உணவு, வழுக்கும் இடங்கள், விலங்குகளால் நேரும் இடர் முதலியவற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவற்றின் இயல்புகளையும் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு விளக்குகிறான்.

இலக்கியத்தில் மட்டுமன்றிக் கல்லிலும் இம்மரபு காணப்படுகிறது. தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அதியமான் பெருவழிக் கற்கள் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவையாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு 29 காதத் தொலைவு உள்ளதைத் தமிழ் எண்ணால் குறிக்கிறது. அதே அளவு, எழுத்தறியாதோரும் உணரும்பொருட்டுக் குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். வழிநடப்போர் அனைவரையும் எண்ணிப் பார்த்த ஓர் ஏற்பாடு இது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்று வழிகள்

கோவலன் முன் இருந்தவை போலவே நம் முன்னும் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, 2019இல் திறக்கப்பட்ட 'கரையிலிருந்து கரைக்கு' என்னும் நடைபாதை. மேற்கே ஜூரோங் ஏரித் தோட்டத்தில் தொடங்கி, பொங்கோலை அடுத்துள்ள கோனித் தீவுப் பூங்காவில் முடியும் இப்பாதை 36 கி.மீ. நீளமுடையது. மணிக்கு 4 கி.மீ. நடப்போர்க்கு ஓய்வு நீங்கலாகவே 9 மணி நேரம் வேண்டும். பழக்கமற்ற மாணவர்க்கு இதனை இரண்டு நாள்களாகப் பிரித்தலே தக்கது.

இரண்டாவது, பொங்கோல், செங்காங், ஹவ்காங் வட்டாரங்களின் நீர்நிலைகளை இணைக்கும் 26 கி.மீ. வடகிழக்கு ஆற்றோர வட்டப் பாதை. 2011இல் திறக்கப்பட்ட 4.2 கி.மீ. நீளப் பொங்கோல் நீர்வழி இதன் எழில்மிகு பகுதியாகும். தீவு முழுவதையும் சுற்றிவரத் திட்டமிடப்பட்டுள்ள 150 கி.மீ. பாதையும் பொங்கோலைத் தொட்டே செல்கிறது. இவ்வழிகளில் நிழலும் வழிகாட்டிப் பலகைகளும் உண்டு. பறவைகளையும் மரங்களையும் பற்றிய செய்திகள் அப்பலகைகளில் நிறைந்துள்ளன.

மூன்றாவது, தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை, மேல் சிராங்கூன் சாலை ஆகியவற்றின் வழியே பொங்கோலுக்குச் செல்வது. இது ஏறத்தாழ 15 முதல் 17 கி.மீ. வரை அமையும். நடைபாதைகளின் பட்டியலில் இது இடம்பெறவில்லை, வண்டிகளின் இரைச்சல் மிகுதி, நிழலோ குறைவு. எனினும் இதனையே நாம் தேர்ந்தோம். அதற்கான காரணம் அச்சாலையின் தோற்றத்தில் உள்ளது.

சாலை அமைத்த கைகள்

1828ஆம் ஆண்டு வெளியான நகரத் திட்டப்படத்தில் சிராங்கூன் சாலை, குதிரை செல்லத்தக்க சிறு பாதையாகவே காணப்படுகிறது. அது சாலையாக விரிந்ததில் இந்தியக் கைதிகளின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்ட முதல் தொகுதிக் கைதிகள், சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட 80 பேராவர். அவர்களைத் தொடர்ந்து வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களைச் சேர்ந்தோரும் வந்தனர். ஆகவே இதனைத் தமிழர் மட்டுமே அமைத்த சாலை என்று உரிமை கொண்டாடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1873இல் கைதிகள் குடியிருப்பு மூடப்படும்வரை சதுப்பு நிலத்தை நிரப்புதல், கல் உடைத்தல், செங்கல் சுடுதல், சாலையிடுதல் ஆகிய பணிகள் அவர்களால் நடைபெற்றன. அவர்களின் மேற்பார்வையாளராக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலே இதற்குச் சான்று. எனினும் அதில் பேசுவது மேற்பார்வையாளரின் குரல் என்பதை மறத்தலாகாது.

சாலையோரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் தமிழர் அப்பகுதியைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றழைத்தனர். 1881இல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயிலும் தொடக்கத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே வழங்கப்பெற்றது. இன்று அப்பெயர் எந்தத் தெருப்பலகையிலும் இல்லை. மைலைக் 'கட்டை' என்று சொல்லி, ஐந்தாங்கட்டை, ஆறாங்கட்டை என இடங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர் வழக்கும் அருகி வருகிறது. கோவன் வட்டாரத்தைச் சீனரும் தம் மொழியில் ஆறாவது கல் என்றே அழைத்தனர். மொழி வேறாயினும் நடந்தோர் எண்ணிய கல் ஒன்றே.

2003இல் தொடங்கப்பெற்ற வடகிழக்கு ரயில் பாதை, லிட்டில் இந்தியா முதல் ஹவ்காங் வரை பெரும்பாலும் இச்சாலையை ஒட்டியே நிலத்தடியில் சென்று, பின் பொங்கோலை அடைகிறது. அரைமணி நேரத்திற்குள் ஊர் வந்துவிடுகிறது. இடையிலுள்ளவை கண்ணிற் படுவதில்லை.

நிற்க வேண்டிய இடங்கள்

நம் திட்டத்தில் முதல் நிறுத்தம் வீரமாகாளியம்மன் கோயில். அடுத்தது, 1855இல் அமைந்த ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடி எடுப்போர் இங்கிருந்தே தேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலுக்கு ஏறத்தாழ 3 கி.மீ. நடந்து செல்கின்றனர். இந்நகரத்தில் தமிழரின் நடை இன்றும் சாலையை உரிமையோடு பயன்கொள்ளும் நாள்களுள் அதுவும் ஒன்று.

மூன்றாவது நிறுத்தம் பிடாடாரி. 1908இல் கிறித்தவர்க்கெனத் திறக்கப்பட்ட இவ்விடுகாட்டில் பின்னர் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லறைகள் அகழப்பட்டு, இன்று அங்கே குடியிருப்புகள் எழுந்துள்ளன.

நான்காவது நிறுத்தத்திற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. சிராங்கூன் சாலை 317ஆம் எண் வீட்டில் விலங்குகளை வளர்த்துவந்த இந்திய வமிசாவளியினரான வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா, 1928இல் அவற்றைப் பொங்கோல் கடற்கரைக்குக் கொண்டு சென்று விலங்ககம் அமைத்தார். போர் நெருங்கிய வேளையில் பிரிட்டிஷ் படை அவ்விடத்தைக் கேட்டு 24 மணி நேர அவகாசமே தந்தது. கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பாசப்பா 1943இல் காலமானார். நாம் நடக்கும் வழி ஏறத்தாழ அவர் விலங்குகள் சென்ற வழியே.

பொங்கோல் முனை

பழைய பொங்கோல் சாலையின் ஒரு பகுதி இன்று வண்டிகள் செல்லாத நடைபாதையாக விளங்குகிறது. மீனவர் கம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் இருந்த நிலம் இது. 1996இல் அறிவிக்கப்பட்ட 'பொங்கோல் 21' திட்டத்திற்குப் பின்னரே இது புதுநகராக உருமாறிற்று.

நம் நடை முடியும் பொங்கோல் முனையில் ஒரு நினைவுப் பலகை உள்ளது. 1942 பிப்ரவரி 28ஆம் நாள், ஜப்பானிய இராணுவக் காவல் படையினர் 300 முதல் 400 வரையிலான சீனரை இக்கடற்கரையில் சுட்டுக் கொன்றனர். மேல் சிராங்கூன் சாலை நெடுகிலும் வீடு வீடாகத் தேடிப் பிடிக்கப்பட்ட ஏறத்தாழ 1,000 ஆடவருள் ஒரு பகுதியினர் அவர்கள். நாம் காலையில் கடந்துவரும் அதே சாலை அது.

இந்நிறுத்தம் வேண்டுமா என்னும் ஐயம் திட்டமிடும்போது எழுந்தது. இந்திய ஆய்வியல் மாணவர்க்கான நடையில் இந்தியர் வரலாறு போதாதா என்பது அவ்வினா. நம்மவர் வெட்டிய சாலை என்று பெருமை பேசிவிட்டு, அச்சாலை வழியே பிறர்க்கு நேர்ந்த கொடுமையின் முன் நில்லாது திரும்புதல் முறையாகாது என முடிவு செய்தோம். சாலையின் வரலாறு அதை இட்டவரோடு முடிவதில்லை. அதில் அழைத்துச் செல்லப்பட்டவர் வரை நீள்கிறது.

பொழுதும் ஏற்பாடும்

நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டில் ஞாயிறு காலை 7 மணியளவில் எழும். அதற்கு அரைமணி முன்னரே தேக்காவிலிருந்து புறப்படுதல் நன்று. நடைக்கு நான்கு மணி நேரமும் நிறுத்தங்களுக்கு மூன்று மணி நேரமும் வைத்தால், பிற்பகல் 2 மணிக்குள் கடற்கரையை அடையலாம். டிசம்பர், ஜனவரித் தொடக்கத்தின் வடகிழக்குப் பருவமழையையும், ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் இடிமழையையும் தவிர்த்தல் வேண்டும். சாலை நெடுகிலும் காப்பிக் கடைகள் இருப்பதால் உணவுக்கும் நீருக்கும் குறைவில்லை. களைத்தோர் இடையில் எந்த ரயில் நிலையத்திலும் இறங்கிவிடலாம் என்பது இவ்வழியின் தனி நலம்.

முடிவுரை

புதிய நடைபாதைகள் போற்றத்தக்கவை. அவற்றில் நடப்போர் உடல்நலமும் இயற்கையறிவும் பெறுகின்றனர். ஆனால் பலகை நட்ட இடத்தில் மட்டுமே நிற்கக் கற்ற கால்கள், பலகையில்லா இடத்தைக் கடந்து சென்றுவிடும். சுண்ணாம்புக் கம்பத்தில் கல் உடைத்தோர்க்குப் பலகை இல்லை. ஆற்றுப்படை நூல்கள் சொல்லும் முறையில், நடந்தவர் நடக்கப் போகிறவர்க்கு வாயால் சொல்லியே அதனைக் காத்தல் இயலும். ஆகவே இந்நடையை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும், அடுத்த ஆண்டு வருவோர்க்கு வழிக்குறிப்பு ஒன்று எழுதித் தருதல் வேண்டும் எனத் திட்டத்தின் இறுதியில் சேர்த்துள்ளோம்.