பெங்களூரின் மழைநீரும் வரைபடங்களும்

பெங்களூர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் மீது அமைந்த நகரம். பேராறு எதுவும் இதன் வழியே ஓடவில்லை. மேற்குச் சரிவில் பெய்யும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. கிழக்குச் சரிவின் நீர் ஹெப்பாள், கோரமங்கலா, செல்லகட்டா பள்ளத்தாக்குகளில் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. 16ஆம் நூற்றாண்டில் கெம்பே கௌடர் காலத்திலும் அதற்குப் பின்னும் இச்சரிவுகளில் ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டப்பட்டன. மேல் ஏரியின் உபரி நீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டுசென்ற கால்வாய் ராஜகாலுவே எனப்பட்டது.

இந்தியப் பெரு முக்கோண நில அளவைக்கு முன்னோட்டமாக வில்லியம் லாம்டன் 1800இல் பெங்களூரில் அடிக்கோடு அளந்தார். பின்னாளில் வருவாய்த் துறைக்கென வரையப்பட்ட கிராம வரைபடங்கள் ஏரி, கால்வாய், வயல் ஆகியவற்றின் எல்லைகளைப் பதிவு செய்தன. நில வரிக்காக எழுந்த இந்த ஆவணமே நீரின் பாதைக்கும் சான்றாக நின்றது.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தபின் நகருக்குள் இருந்த ஏரிகளின் தேவை குறைந்தது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. எஞ்சிய ஏரிகளைக் காக்க லட்சுமண ராவ் குழு 1986இல் பரிந்துரைத்தது. ஆனாலும் நகரம் விரிந்த வேகத்தில் பல கால்வாய்கள் குறுகின, சில மறைந்தன; மழைநீர் தெருக்களில் தேங்கியது.

வறட்சியைக் கண்காணிக்க 1988இல் தொடங்கிய அரசுப் பிரிவு, பின்னர் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக வளர்ந்தது. அது நகரெங்கும் தானியங்கி மழைமானிகளையும் வடிகால்களில் நீர்மட்ட உணர்கருவிகளையும் நிறுவியது. புவியியல் தகவல் அமைப்பில் நிலத்தின் ஏற்ற இறக்கம், வடிகால், மழையளவு, கட்டடங்கள் ஆகியவை ஒரே வரைபடத்தின் அடுக்குகளாகச் சேர்கின்றன. எந்தத் தெருவில் நீர் தேங்கும் என்பதை அதைக்கொண்டு முன்கூட்டியே கணிக்கலாம். இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு உருவான ‘மேக சந்தேஷா’ செயலி இத்தகைய எச்சரிக்கையைப் பொதுமக்களின் கைபேசிக்கே கொண்டுவந்தது.

எச்சரிக்கையால் மட்டும் வெள்ளம் வடிவதில்லை. 2016இல் கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநகராட்சி பழைய கிராம வரைபடங்களையே ஆதாரமாகக் கொண்டது. கட்டிக் குடியேறிய வீடுகளைப் பலர் இழந்தனர். அதன் பிறகும் 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பகுதியும் மூழ்க, மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் மீட்கப்பட்டனர். புதிதாக எழும் எந்த நகரமும் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே நீர்வழி வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். வீடு கட்டியபின் பார்ப்பதற்கான விலையைப் பெங்களூர் மக்கள் கொடுத்திருக்கிறார்கள்.