பக்கத்து மேஜையில் யார்?

சென்னையில் இன்று எந்தத் தெருவில் நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வெளியே சாப்பிடுவதைப் பெரும்பாலான குடும்பங்கள் இழுக்காக நினைத்த காலம் ஒன்று இந்த ஊருக்கு இருந்தது. நம் கொள்ளுத்தாத்தாக்கள் பார்த்த காலம்தான் அது. சமைத்தவர் யார், பரிமாறியவர் யார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாமல் இலையில் கை வைக்கக் கூடாது என்பது அன்றைய எழுதாத சட்டம். இந்த மூன்று கேள்விகளும் ஒவ்வொன்றாக எப்படி வலுவிழந்தன என்பதுதான் சென்னை ஹோட்டல்களின் வரலாறு. ருசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதைத் தொடாமல் போவது அந்த வரலாற்றில் பாதியை மறைப்பதற்குச் சமம்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு விதமாக இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் நடத்திய ஹோட்டல் ஐரோப்பிய விருந்துகளுக்குப் பெயர் பெற்றது. கன்னிமரா ஹோட்டல் 1890-களில் அந்தப் பெயரோடு நிலைபெற்றது. மாலைத் தேநீரும் பிஸ்கட்டும் இசைக்குழுவும் இந்த வட்டாரத்தோடு நின்றுவிட்டன. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்போ, 1960-கள் வரை இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. யாரோடு உட்காருவது என்ற கேள்வி அங்கேயும் கடுமையாகவே இருந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு வெளியூரில் சோறு கிடைத்த இடம் சத்திரம். அங்கே சாதிக்கொரு பந்தி. அந்த ஏற்பாட்டை அசைத்தது ஆபீஸ் நேரம். ஜார்ஜ் டவுனில் கம்பெனிகளும் வங்கிகளும் பெருகின. 1892-ல் ஹைகோர்ட் இன்றைய சிவப்புக் கட்டடத்துக்கு வந்தது. 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மயிலாப்பூரிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் காலையிலேயே டிராம் ஏறிய குமாஸ்தா, மத்தியானம் சாப்பிட வீட்டுக்குத் திரும்ப முடியாது. பழையதும் நீராகாரமும் இருந்த இடத்தைக் காபி பிடித்துக்கொண்டதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் காபி கிளப். நடத்தியவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள். அசைவம் கிடைத்த கடைகளுக்கு ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்று பெயர் விழுந்தது.

இந்தத் தொழிலுக்குப் பெரிய உருவம் கொடுத்தவர்கள் உடுப்பிக்காரர்கள். அவர்கள் சென்னைக்கு வந்ததில் வியப்பில்லை. 1956-ல் மாநிலங்கள் மொழிவழி பிரியும்வரை உடுப்பி இருந்த தென் கன்னட மாவட்டம் மெட்ராஸ் ராஜ்யத்தில்தான் இருந்தது. அவர்களுக்கும் இதுவே தலைநகரம். உடுப்பி கிருஷ்ணர் கோயிலின் மடங்களில் தினமும் ஊருக்கே சமைத்துப் பழகிய கைகள் அங்கே ஏராளம், வருமானம் சொற்பம். அப்படி வந்தவர்களில் ஒருவர் கே. கிருஷ்ணராவ். ஜார்ஜ் டவுன் ஹோட்டல்களில் எடுபிடியாகத் தொடங்கி, ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சின்ன ஹோட்டலைத் தவணையில் வாங்கி, 1920-களின் பிற்பாதியில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸைத் திறந்தார். 1938-ல் ராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ‘உட்லண்ட்ஸ்’ மாளிகையை எடுத்து, தங்கும் அறைகளோடு ஹோட்டலாக்கினார். மாளிகையின் பெயர் ஹோட்டலுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னையைத் தாண்டியும் போனது.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அப்படிப்பட்ட ஒரு ஹோட்டலில் நடந்தது என்ன என்று பார்க்கலாம். மதியச் சாப்பாட்டின் வாடை அடங்கி, கொதிக்கும் எண்ணெயின் மணம் எழும். சலவைக்கல் பதித்த மேஜையைக் கிளீனர் பையன் ஈரத் துணியால் துடைத்துப் போவான். தோளில் துண்டோடு வரும் சப்ளையர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: ரவா தோசை, வெங்காய ஊத்தப்பம், போண்டா, பஜ்ஜி, கேசரி. ஏழெட்டு மேஜைகளின் ஆர்டரை எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே குரல் கொடுப்பார். தோசைக் கல்லில் தண்ணீரைத் தெளித்து, துடைப்பத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, சரக்கு மாஸ்டர் மாவை ஊற்றுவார். கடைசியில் டபராவில் டம்ளரை வைத்து, நுரை தளும்பக் காபி வரும். கல்லாவில் நிற்கும்போது யார் என்ன சாப்பிட்டார் என்று தூரத்திலிருந்தே சப்ளையர் தொகையைச் சொல்லிவிடுவார். இந்த ஊரின் மாலைத் தேநீர் இதுதான். ஐரோப்பிய ஹோட்டலின் தேநீர் மேஜைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல இந்த டிபன் மேஜை.

ஆனால் அந்த மேஜை எல்லோருக்கும் பொதுவாக இல்லை. பல ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம். தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பல இடங்களில் வாசலோடு சரி. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினை. எல்லோரும் ஒரே கட்டணத்தில் டிக்கெட் வாங்கிய ரயிலிலிருந்து இறங்கிச் சாப்பிடும்போது மட்டும் சாதி பார்த்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியும் கொடுத்த நெருக்கடியால் 1941-ல் ரயில்வே அந்தத் தனி இடங்களை ஒழித்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், 15-ஆம் பிரிவிலேயே ‘பொது உணவகங்கள்’ என்று பெயர் சொல்லி, சாதியின் பெயரால் யாரையும் அங்கே தடுக்கக் கூடாது என்றது. ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளில் சாப்பாட்டுக் கடையும் இடம்பெற வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடை வாசலில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்!

சட்டம் வந்த பிறகும் ‘பிராமணாள்’ என்ற சொல் பெயர்ப்பலகைகளில் தொங்கியது. உள்ளே யார் வேண்டுமானாலும் வரலாம், பிறகென்ன என்று கேட்டவர்கள் உண்டு. வெளியே ஒருவர் உயர்ந்தவர் என்று எழுதி வைத்துவிட்டு உள்ளே கூப்பிடுவது அழைப்பாகாது என்பது பெரியாரின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு மறியல் தொடங்கியது. நாள்தோறும் திராவிடர் கழகத் தொண்டர்கள் வந்து நின்றார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். கைதானவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். 1958-ல் பலகையிலிருந்து அந்தச் சொல் நீங்கியபோதுதான் மறியல் முடிந்தது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறைக்குப் போனதை நகரத்தின் உணவு வரலாற்றில் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

அதே காலத்தில் மற்றப் பக்கங்களிலும் கதவுகள் திறந்தன. 1948-ல் திருவல்லிக்கேணியில் வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் ரத்னா கஃபேயைத் தொடங்கியது; தட்டில் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றும் பழக்கம் அதன் அடையாளமானது. கொழும்பிலிருந்து திரும்பிய ஏ.எம். புகாரி 1951-ல் மவுண்ட் ரோட்டில் திறந்த ஹோட்டல், பிரியாணியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் உணவாக்கியது. 1965-ல் அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65 இன்று உலகெங்கும் போய்விட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1954-ல் எழுந்த தாசப்பிரகாஷ், ஐஸ்கிரீமுக்காகவே குழந்தைகளை இழுத்தது. பெண்கள் வெளியே சாப்பிட வந்தது அந்தத் தலைமுறையில்தான் பரவலானது. அதற்கும் முதலில் தடுப்பு வைத்த ‘ஃபேமிலி ரூம்’ தேவைப்பட்டது.

கிருஷ்ணராவ் 1962-ல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இந்தக் கதையின் இனிமையான அத்தியாயம். மரநிழலில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டை மாட்டிவிடுவார்கள். கார் இல்லாதவர்களும் உள்ளே மேஜைகளில் ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள், கல்லூரி மாணவர்கள், காதலர்கள் எல்லோரும் அங்கே பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் இருந்தார்கள். 2008-ல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது டிரைவ்-இன் மூடப்பட்டது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்கா நகரத்துக்குத் தேவைதான். ஆனாலும் அந்த மேஜைகளுக்கு ஈடான இடம் சென்னைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

1981-ல் கே.கே. நகரில் சரவண பவன் தொடங்கியபோது சைவ ஹோட்டல் தொழிலே கைமாறியது. அதைத் தொடங்கிய, மளிகைக் கடை வைத்திருந்த பி. ராஜகோபால் பிராமணரல்லர். சமைத்தவர் யார் என்ற பழைய கேள்வியை அங்கே வரிசையில் நின்றவர்கள் கேட்கவில்லை. 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தார்கள். ஒரு ரூபாய் இட்லியை எல்லோரும் நின்றுகொண்டே ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள்.

இந்த வரலாற்றில் முதலாளிகளின் பெயர் இருக்கிறது, தலைவர்களின் பெயர் இருக்கிறது. எச்சில் இலை எடுத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், ஆர்டரை மனத்தில் சுமந்த சப்ளையர்கள், பள்ளிக்கூடம் போகாமல் மேஜை துடைத்த பையன்கள் ஆகியோரின் பெயர் எங்கும் இல்லை. அவர்களில் பலர் எழுபது, எண்பது வயதில் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். பேசுவதைப் பதிவு செய்து வையுங்கள்.