இறையிலியும் இறையிறுத்தோரும்

கோயில்களுக்கும் அந்தணர்க்கும் வேந்தரும் செல்வரும் வழங்கிய நிலங்களைக் குறிக்கும் கல்வெட்டுக்களில் ‘இறையிலி’ என்னும் சொல் மிகப் பயின்று வருகின்றது. இறை என்பது அரசனுக்கு இறுக்கப்படும் நிலவரி. அஃது இல்லாத நிலம் இறையிலி. பொருள் எளிதிற் புலனாவதால், ஆராய்ச்சியாளர் பலரும் இச்சொல்லைக் கொடையின் சிறப்பிற்கு ஓர் அடையாகக் கொண்டு மேற்சென்றுவிடுவர். ஒரு நிலத்தின் மேலிருந்த இறை நீங்கியபொழுது அவ்விறை எங்கே சென்றது? அரசின் வருவாய் அந்த அளவிற்குக் குறைந்ததா, அன்றி வேறொருவர் தோள்மேல் ஏறியதா? உடைமை, முதலீடு, வரி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் இடம் இதுவே. ஆதலின் இவ்வினாவைச் சோழர் காலக் கல்வெட்டுக்களைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இறையிலி எல்லாம் ஒரு தன்மையன அல்ல. அரசன் தானே ஆணை பிறப்பித்து, புரவுவரித் திணைக்களத்தார் அதனை வரிப்பொத்தகத்தில் ஏற்றி, நிலத்தை இறையிலியாக்கியது ஒரு வகை. இவ்வகையில் அரசன் தன் வருவாயை இழந்தான் என்பது மெய். ஆயின், அந்நிலத்தை உழுதவன் இறையினின்று விடுபட்டான் என்று கொள்ளுதல் பொருந்தாது. முன்னர் அரசன் பண்டாரத்திற்குச் சென்ற பங்கு இனிக் கோயிற் பண்டாரத்திற்குச் செல்லும். அளப்பவன் அவனே, பெறுபவரே வேறு. தேவதானங்களுட் சில ‘குடி நீக்கிய’ தேவதானம் என்று குறிக்கப்பெறுவதையும் நோக்குதல் வேண்டும். பழங்குடிகளின் உரிமை நீக்கப்பட்ட பின்னரே அந்நிலம் கோயிலைச் சேர்ந்தது என்பது அத்தொடரால் போதரும். கொடுத்தவன் பெயர் கல்லில் நின்றது. நீக்கப்பட்டோர் பெயரை அக்கல்வெட்டுக்களில் நாம் காண்பதில்லை.

மற்றொரு வகை ‘ஊர்க்கீழ் இறையிலி’ எனப்படுவது. இதன்கண் அரசன் ஒரு காசும் இழப்பதில்லை. குறிப்பிட்ட நிலத்திற்குரிய இறையை ஊராரே ஏற்றுக்கொண்டு, ஊரின் மொத்த இறையோடு சேர்த்து இறுத்தனர். சபை தன் எல்லைக்குள் ஒரு நிலத்தை ‘இறையிழிச்சி’க் கொடுத்தால், எஞ்சிய நிலமுடையார் ஒவ்வொருவர் மேலும் அச்சுமை சிறிது சிறிதாகப் பகிர்ந்து விழும். ஊரார் மனமொத்துச் செய்தனரா என்பதைக் கல்வெட்டின் நடையிலிருந்து அறிதல் அரிது. சபையார் ஒருமனப்பட்டு எழுதிக் கொடுத்ததாகவே அவை கூறும். ஒருமனப்படாதவன் எவனும் கல்லெழுதுவித்ததில்லை.

மூன்றாம் வகையே நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. நிலத்தைக் கொடையாகக் கொடுப்போன், அதன் இறையை ஊரார் என்றென்றும் இறுத்துவருமாறு ஒரு தொகையை முன்னரே சபையிடம் ஒப்படைப்பான். இத்தொகை ‘இறைகாவல்’ என்றும் ‘இறைத்திரவியம்’ என்றும் வழங்கிற்று. சபை அதனை முதலாக வைத்து, அதன் வட்டியினின்று ஆண்டுதோறும் இறையைச் செலுத்துதல் வேண்டும். கணக்கிற்காக ஒரு நிலத்தின் இறை ஆண்டுக்கு 5 காசு என்று வைத்துக்கொள்வோம். காசு ஒன்றுக்கு ஆண்டுப் பொலிசை அரைக்கால் காசு எனின், 40 காசு முதலிட்டால் அவ்விறை முடிவின்றி இறுக்கப்பெறும். இதனை விலக்கு என்பதினும், வரியை ஒரேமுறையில் விலைக்கு வாங்குதல் என்பதே தகும். இம்முறையில் எவரும் ஏமாற்றப்படவில்லை; அரசனுக்கும் ஊருக்கும் கோயிலுக்கும் உரியது கிடைத்தது. ஆயினும், கையில் 40 காசு உடையானுக்கே இவ்வாயில் திறந்திருந்தது என்பதை மறத்தல் ஆகாது. தறியிறை இறுத்த நெசவாளனும் செக்கிறை இறுத்த வாணிகனும் தத்தம் இறையை இங்ஙனம் முதலிட்டுத் தீர்த்துக்கொள்ளும் நிலையில் பெரும்பாலும் இருந்திரார்.

மேற்கூறிய அரைக்கால் காசு நாம் கற்பித்த விகிதமன்று. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், அவன் தமக்கை குந்தவை உள்ளிட்டோர் கொடுத்த பொற்காசுகள் பல ஊர்ச் சபைகளிடம் பொலியூட்டாக வைக்கப்பெற்றன. ‘பொலிசை’ அல்லது வட்டி காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்கு 12.5. நெல்லாக அளக்குமிடத்து அது முக்குறுணி. காசுக்கு இருகலம் என்பது அந்நாளைய நெல் விலை. இருகலம் 24 குறுணி. அதில் எட்டிலொன்று மூன்று குறுணி. இரண்டு கணக்கும் ஒத்து நிற்றல் காண்க. (இந்திய அரசு 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஓராண்டிற்கு மேல் வைத்திருந்து பங்குச் சந்தையில் விற்கும் பங்குகளின் ஆதாயத்திற்கு விதித்த வரியும் நூற்றுக்கு 12.5 என்பது தற்செயலாய் நேர்ந்த ஒற்றுமையே. 2004 முதல் 2018 வரை, பரிமாற்ற வரி ஒன்று நீங்கலாக, அவ்வாதாயம் வரியின்றி இருந்தது; மாதச் சம்பளம் பெற்றோர்க்கு அச்சலுகை இல்லை. இறையிலி என்பது நிலத்தோடு ஒழிந்த வழக்கன்று.)

முதலைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தைத் தெளிவாக அறியக் கோயில் விளக்கிற்கு விடப்பட்ட ஆடுகளை நோக்குதல் வேண்டும். ஒரு நந்தா விளக்கிற்கு நாள்தோறும் உழக்கு நெய் அளத்தற்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு விடுதல் பெருவழக்கு. இவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடு சாகும், மூக்கும். ஆனால் கணக்கில் உள்ள ஆடு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. ஈனும் குட்டிகளால் இடையன் எண்ணிக்கையை நிரப்பி வருதல் வேண்டும். நிரப்ப இயலாவிடினும் நெய் குறைதல் கூடாது. மந்தையில் நோய் புகுந்தால் அவ்விழப்பு எவருடையது? கொடுத்தவனுடையதன்று, கோயிலுடையதுமன்று. முதல் கெடாது நிற்கப் பயன்மட்டும் கொள்ளுதல் என்னும் கொள்கை இரண்டாம் வரகுணன் காலத்துத் திருச்செந்தூர்க் கல்வெட்டிலேயே காணப்படுகின்றது. அங்கு 1400 காசு, கொற்கை முதலிய ஊர்களிடம் பகிர்ந்து வைக்கப்பட்டது. அழியா முதல் ஒன்றை ஒருவர் உடைமையாக்கினால், அழிவு முழுவதும் மற்றொருவர் உடைமையாகிவிடும்.

இவ்விடத்தில் பொலியூட்டையும் பங்கையும் வேறுபடுத்திக் காண்டல் நலம். பங்கு வைத்திருப்போன் வாணிகம் கெடின் தானும் கெடுவான். ஆதாயத்தில் மட்டுமன்றி இழப்பிலும் அவனுக்கு இடம் உண்டு. அத்தகைய பங்குமுறை நம் ஊர்களில் இல்லாமற் போகவில்லை. தொண்டைநாட்டு ஊர்களில் காணியுரிமை பங்கு பங்காகவும் கரை கரையாகவும் வகுக்கப்பட்டிருந்ததை, எல்லிசு துரை 1818-ஆம் ஆண்டில் மிராசு உரிமை பற்றி எழுதிய விடைகளில் விரிவாகக் காணலாம். பசுங்கரை என்ற முறையில் நிலங்கள் குறித்த காலந்தோறும் பங்காளிகளுக்குள் மாற்றிப் பிரிக்கப்பட்டன. ஒருவனுக்கு உரியது இன்ன வயல் என்றில்லை, ஊரில் இத்தனை பங்கு என்பதே. நல்ல வயலும் தீய வயலும் சுற்றிவரும். இறையும் பங்கின் அளவே. அறுதிக்கரையில் நிலம் நிலையாகப் பிரிந்துவிடும். கோயிற்பொலியூட்டில் வட்டி விளைச்சலைப் பாராது நின்றது. பசுங்கரையிலோ விளைச்சலின் ஏற்றத்தாழ்வைப் பங்காளிகள் அனைவரும் தாங்கினர். வேற்றுமை பெரிது. எனினும், கரையிற் பங்கு இல்லாத உழுகுடிகளும் அடிமைகளும் அவ்வூரில் வாழ்ந்தனர் என்பதையும் அதே விடைகள் கூறுகின்றன. ஆதலின் அம்முறையைப் பொதுவுடைமை எனப் போற்றுவாரோடு நாம் உடன்படுதற்கில்லை.

இறை இறுத்தல் சுமையாக மட்டும் கருதப்படவில்லை. அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது. உத்தரமேரூரில் கி. பி. 921-இல் பொறிக்கப்பட்ட முதற் பராந்தகன் கல்வெட்டு, வாரியத்திற்குக் குடவோலை இடப்படும் தகுதி உடையோன் காணிலத்திற்கு, அஃதாவது கால் வேலிக்கு, மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும் என்கின்றது. வேதமும் பாடியமும் கற்றோர்க்கு அரைக்கால் வேலி போதும் என்று விலக்கும் தரப்பட்டது. ஈண்டுக் கருதத்தக்கது, நிலம் என்று வாளா கூறாது ‘இறைநிலம்’ என்றமையே. இறையிலி நிலம் எத்துணைப் பரந்ததாயினும் அத்தகுதியைத் தாராது. ஊர்ச் செலவில் பங்கு கொள்ளாதானுக்கு ஊர் ஆட்சியிலும் பங்கில்லை என்று அச்சபையார் கருதினர் போலும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியதும் அதே கல்வெட்டுத்தான்.

இராசராசன் காலத்தில் இறை நேர்மையாக விதிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாக, கி. பி. 1001-இல் நிகழ்ந்த நில அளவையை வரலாற்றாசிரியர் காட்டுவர். ஒரு வேலியை 52,428,800,000 கூறிட்டு ஒரு கூறுவரை அளந்தனர் என்று வியப்பாரும் உளர். ஒரு வேலி 6.6 ஏக்கர் எனக் கொள்ளின், அக்கூறு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதியாகும். அதனை எக்கோலாலும் எவரும் அளந்திரார். அஃது அளவையால் வந்த எண்ணன்று, கணக்கால் வந்த எண். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றின் பரப்பை மொத்த நிலத்தினின்று கழித்து, ‘இறையிலி நீங்கு நிலம்’ இவ்வளவு எனக் காணும்பொழுது கீழ்வாயிலக்கம் நீண்டுகொண்டே சென்றது. நம் போற்றுதலுக்குரியது அந்நுண்மையன்று. குடியிருப்பும் பொதுவிடமும் பெருங்கோயிலைப் போலவே இறைக்கு அப்பாற்பட்டன என்று கொண்ட முறையே.

அம்மன்னனது 24-ஆம் ஆட்சியாண்டிற்குரிய உக்கல் கல்வெட்டு இதன் மறுபக்கத்தைக் காட்டும். சோழநாட்டிலும், தொண்டைநாட்டிலும், பாண்டிநாட்டிலும் உள்ள அந்தணர், வைகானசர், சமணர் ஊர்களில், ஊராரோடு ஒப்ப இறையிறுக்காமல் இரண்டு முழு ஆண்டு கழித்தவரின் நிலத்தை ஊராரே கைப்பற்றி விற்றுக்கொள்ளலாம் என்பது ஆணை. கடுமையானது என்று தோன்றும். ஆனால் இறைப்பொறுப்பு ஊர்ப்பொதுவாக இருந்தமையால், ஒருவன் இறாதது அண்டை வீட்டான் இறுத்ததாகவே முடிந்தது. ஆணையால் அரசனைவிட அவ்வண்டை வீட்டானே பயன் பெற்றான் என்பது எம் கருத்து. சமயச் சார்பான ஊர்களுக்கும் இது விலக்களிக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ்பெற்றமை யாவரும் அறிந்ததே. எனினும் அவனும் கி. பி. 1086-இல் நிலத்தை மீண்டும் அளப்பித்தான். சுங்கம் தவிர்ந்ததேயன்றி நிலவிறை தவிரவில்லை.

தோள் மாற்றப்பட்ட சுமை ஏதேனும் ஒரு தோளில் தாங்கலாகாத அளவினை எட்டும். கி. பி. 1429-இல், இரண்டாம் தேவராயன் ஆட்சியில், மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள கொருக்கையிலும், விருத்தாசலம், ஆடுதுறை ஆகிய ஊர்களிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் அதற்குச் சான்று. நெடுங்காலம் தம்முள் மாறுபட்டு நின்ற வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் இம்முறை ஒன்று கூடின. அரசு அலுவலரும் நிலமுடைய அந்தண வேளாளக் காணியாளரும் சேர்ந்து தம்மை வருத்துவதாக அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். விளைவிற்குத் தக்கபடி இறுப்பதன்றி, முறையற்ற வரி எதனையும் இறுப்பதில்லை என்று முடிவு செய்தனர். அவ்வலுவலர்க்குப் புகலிடம் தருவதில்லை, அவர்க்குக் கணக்கெழுதுவதில்லை என்றும் உறுதி பூண்டனர். கணக்கெழுதுவதில்லை என்ற உறுதி ஆழ்ந்து நோக்கற்பாலது: இறை எவர் தோளில் ஏறுகின்றது என்பதை எழுதுகோலே முடிவு செய்கின்றது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இம்முடிவையும் அவர்கள் கோயிற் சுவரிலேயே பொறித்தனர். இறையிலிக் கொடைகளை ஊர்தோறும் தொகுத்து, ஒவ்வொன்றும் அரசனால் விடப்பட்டதோ, ஊர்க்கீழ்ப்பட்டதோ, இறைகாவல் பெற்றதோ என வகைப்படுத்தி, எஞ்சிய இறைநிலத்தின் பரப்போடு ஒட்டிப் பார்க்கும் முயற்சியை இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளுதல் வேண்டும். கொருக்கையைச் சுற்றியுள்ள ஊர்களினின்று அதனைத் தொடங்கலாம்.