முழுச் சார்ஜில் நிற்கும் கார்: மின்னேற்றும் பழக்கமும் பேட்டரியின் முதுமையும்

1. ஆய்வுப் பொருள்

மின்சாரக் காரின் பேட்டரி தேய்ந்தால் பலரும் வேகச் சார்ஜரைத்தான் குறை சொல்கிறார்கள். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், அந்தப் பழியில் பெரும்பங்கு வேறொரு பழக்கத்தைச் சேர வேண்டும். பேட்டரியை முழுதும் நிறைத்து, வெப்பத்தில் நெடுநேரம் நிறுத்தி வைப்பதே அது.

2. முதுமையின் இரு வழிகள்

2.1 நிற்கும்போது

லித்தியம் அயனிக் கலத்தின் கிராஃபைட் முனைமேல் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலம் படிகிறது. இது தேவையான காப்பு. இது இல்லாமல் கலம் நிலைத்து இயங்காது. ஆனால் படலம் வளர்ந்துகொண்டே போகிறது. வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தை விழுங்குகிறது. அப்படிப் போன லித்தியம் மறுபடி மின்சாரம் சுமப்பதில்லை. வெப்பமும் உயர்ந்த சார்ஜ் அளவும் இந்த வளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. சார்ஜ் அளவோடு இழப்பு சீராக ஏறுவதில்லை, படிகளாக ஏறுகிறது. கிராஃபைட்டில் பாதிக்கு மேல் லித்தியம் புகுந்ததும் ஒரு பெரிய படி வருகிறது. ஆகவே வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் காரைப் பாதிச் சார்ஜுக்குக் கீழே வைத்தால் கிடைக்கும் பயன், 90 விழுக்காட்டை 80 ஆகக் குறைப்பதன் பயனைவிடப் பெரிது. இதைக் கார் விற்பவர்கள் சொல்லித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2.2 ஓடும்போது

ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் முனைப் பொருள் விரிந்து சுருங்கி நுண்விரிசல் காண்கிறது. அடிவரை இறக்கி முழுதாக ஏற்றுவதைவிட, இடைநிலையில் அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவது நல்லது. முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்ற அறிவுரை நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்தது.

3. ஃபீனிக்ஸ் தரும் சான்று

நிசான் லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 24 கிலோவாட் மணி பேட்டரி. திரவக் குளிர்விப்பு கிடையாது. 2012 கோடையில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகர உரிமையாளர்கள், கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு முறையிட்டார்கள்.

அதே ஊரில் ஐடஹோ தேசிய ஆய்வகம் 2012 மாதிரி லீஃப் கார்கள் நான்கை ஓட்டிச் சோதித்தது. இரண்டுக்கு வேகச் சார்ஜ் மட்டும். மற்ற இரண்டுக்கு வீட்டில் போடுவது போன்ற மெதுவான சார்ஜ் மட்டும். 50,000 மைல் ஓடி முடிந்தபோது இரு வகையும் ஏறத்தாழக் கால் பங்குக் கொள்ளளவை இழந்திருந்தன. வேகச் சார்ஜ் கார்களின் இழப்பு சில விழுக்காட்டுப் புள்ளிகளே கூடுதல். கொள்ளளவு வேகமாகச் சரிந்தது கடும் வெயில் மாதங்களில்தான். மெதுவாகவே சார்ஜ் ஏற்றிய காரையும் வெயில் விட்டுவைக்கவில்லை.

4. விலக்குகள்

வேகச் சார்ஜ் குற்றமே அற்றதல்ல. கடுங்குளிரில் விரைந்து ஏற்றினால், கிராஃபைட்டுக்குள் புக முடியாத லித்தியம் அதன்மேல் உலோகமாகப் படியும். அதனால்தான் பல கார்கள் முதலில் பேட்டரியைச் சூடாக்கிக்கொள்கின்றன.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களுக்கு அறிவுரை வேறு. அவற்றின் மின்னழுத்தம் பெரும்பகுதி ஒரே மட்டத்தில் இருப்பதால், மீதிச் சார்ஜைக் கணிப்பது கடினம். எனவே வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றச் சொல்கிறது டெஸ்லா. கணக்குச் சரியாக இருப்பதற்கான ஏற்பாடு அது. நிறைந்த நிலையில் நிற்பதால் வரும் தேய்வு இவ்வகைக் கலத்துக்கும் உண்டு.

5. விதி வடிவமைத்த பழக்கம்

பழக்கம் உரிமையாளர் கையில் மட்டும் இல்லை. லீஃபில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி தொடக்கத்தில் இருந்தது. அந்த வசதி இருந்ததால், முழுச் சார்ஜில் 84 மைல், 80 விழுக்காட்டில் 66 மைல் என்ற இரண்டின் சராசரியாக, 2013 மாதிரியின் ஓட்டத் தொலைவை 75 மைல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறித்தது. 2014 மாதிரியில் அமெரிக்கச் சந்தைக்கு அந்த வசதியே நீக்கப்பட்டது. விளம்பரத் தொலைவு 84 மைலாக உயர்ந்தது. பேட்டரியின் அளவு மாறவில்லை. ஃபீனிக்ஸ்வாசிக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு பொத்தான் போனது.