எளியோன் கைத் துப்பாக்கி



மன்னர்களின் பீரங்கிகளைப் பற்றியும் பெரும்படைகளின் போர்களைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. சிற்றூரில் வாழ்ந்த ஓர் உழவனோ வேட்டுவனோ தன் சிறுபொருளைக் கொண்டு எத்தகைய துப்பாக்கியைத் தேர்ந்துகொண்டான் என்பதை அவை அரிதாகவே கூறும். இவ்வினா சிறிதாகத் தோன்றினும், ஒரு நாட்டின் தொழில், வணிகம், ஆட்சி, நீதி ஆகிய யாவும் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. தூத்துக்குடி முத்துக்கரையையும் அதனை அடுத்த கரிசல் நிலத்தையும் நிலைக்களமாகக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழிச் சொல்லோடு உறவுடையது. வெடிமருந்து இந்நாட்டில் முன்னரே அறியப்பட்டதாயினும், தோளில் வைத்துக் குறிபார்த்துச் சுடும் கருவியின் ஆற்றலைத் தென்னாட்டார் நன்கு உணர்ந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். 1520-இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது, போர்ச்சுகீசியத் துப்பாக்கி வீரர் சிலர் மதில்மேல் நின்ற காவலரைக் குறிபார்த்து வீழ்த்தி அவருக்குத் துணைநின்றனர். அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினர். அவர்களுடைய மரக்கலங்களோடு அவர்களுடைய படைக்கலங்களும் இக்கரைக்கு வந்தன.

அக்காலத்துத் துப்பாக்கி திரித்துப்பாக்கியாகும். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயக்குண்டையும் இட்டுக் கோலால் இறுக்குவர். குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் சிறிது மருந்து வைப்பர். வெடியுப்பில் ஊறி நின்றெரியும் திரியின் முனை அக்கிண்ணத்தில் படிந்ததும், சிறு துளையின் வழியே தீ உட்புகுந்து குண்டைத் தள்ளும். மழையில் திரி அணைந்துவிடும். இரவில் அதன் கனல் சுடுவோனைக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்புவதற்குள் விலங்கு நெடுந்தூரம் ஓடிவிடும்.

இத்தனை குறைகள் இருந்தும், சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் புதிய துப்பாக்கி வந்த பின்னரும், பழைய திரித்துப்பாக்கி நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிற்று. இதனைச் சிலர் அறியாமை என்பர், அது பொருந்தாது. கல் துப்பாக்கிக்கு நல்ல எஃகு வில்லும் நுண்ணிய பொறியும் வேண்டும். திரித்துப்பாக்கி பழுதுற்றால் ஊர்க் கொல்லனே சீர்செய்வான். அதன் மருந்துக்கு வேண்டியவை மூன்றே: வெடியுப்பு ஏறத்தாழ 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இவற்றுள் கரி எங்கும் கிடைக்கும். உவர்மண்ணிலிருந்து வெடியுப்பைக் காய்ச்சி எடுக்கும் தொழில் தமிழகத்திலும் இருந்தது. கந்தகம் ஒன்றே கடைச்சரக்கு. ஒரு கருவியின் விலை வாங்கும் நாளோடு முடிவதில்லை. அதற்கு இரை எங்கே கிடைக்கும், அதனைப் பழுதுபார்ப்பவன் யார் என்று கேட்டறிந்தே எளியவன் தேர்ந்தான். இஃது இக்காலத்து மாணவர்க்கும் பயன்படும் பொருளாதாரப் பாடம் அன்றோ?

இனி, நம் மாவட்ட வரலாற்றின் துயரமான பகுதிக்கு வருவோம். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரரின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களைப் பறிக்கவும் ஆணை பிறந்தது. ஆயினும் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடித்த கோட்டையை மண்ணால் மீண்டும் எழுப்பினார். மார்ச்சு இறுதியில் கும்பெனிப் படை பீரங்கியால் மதிலைப் பிளந்தும் உள்ளே புக இயலாமற் பின்வாங்கிற்று. பிளவில் நின்று தடுத்தவர்கள் 18, 20 அடி நீளமுள்ள ஈட்டிகளை ஏந்தியிருந்தனர் என்று, அப்போரில் ஈடுபட்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதியுள்ளார். துப்பாக்கி போதாத இடத்தில், உள்ளூர் மூங்கிலும் இரும்பும் காவல் செய்தன. மே மாதத்தில் கர்னல் அக்னியூவின் பெரும்படை வந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்சீமையில் துப்பாக்கியும் ஈட்டியும் ஏந்தும் வழக்கத்தை ஒழிப்பதே அதன் நோக்கம். எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்னும் வினா அன்றோடு மாறிற்று. துப்பாக்கி வைத்திருக்க அரசு இசையுமா என்பதே முதல் வினாவாயிற்று.

இம்மாற்றத்தை நாடெங்கும் நிலைநாட்டியது 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமச்சீட்டு இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியர்க்கோ விதிவிலக்கு இருந்தது. இரவில் காட்டுப்பன்றி புகுந்து கடலைக்கொடியை அழிக்கையில், வரப்பில் நின்ற உழவன் தகரத்தைத் தட்டி ஓலமிட வேண்டியதாயிற்று. அதே காட்டில் வெள்ளை அதிகாரி விளையாட்டுக்காக வேட்டையாடினார். தொடக்க காலம் முதலே காங்கிரசு மகாசபை இச்சட்டத்தைத் தளர்த்துமாறு கோரியதில் வியப்பில்லை.

அந்நூற்றாண்டில் துப்பாக்கியும் பெரிதும் வளர்ந்தது. குழலின் உட்புறத்தில் திருகுச்சுற்றாக வரிகளை வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு நேரே செல்லும். இதுவே ரைபிள். இதன் மேல் சிறு தொலைநோக்கியைப் பொருத்தினால் எட்டத்தில் உள்ள குறியும் தெளிவாகும். கும்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அவர் பெயரால் வழங்கிய கண்ணாடி, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டது.

தேர்வைத் தீர்மானித்தது கருவியின் திறம் மட்டும் அன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1907-ஆம் ஆண்டளவில் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு தடுத்தது; அத்தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர் கையிலுள்ள பழைய படைத்துப்பாக்கிகளுக்குப் பயன்படுமோ என்னும் அச்சமே காரணம். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் .470 முதலிய புதிய அளவுகளைப் படைத்தனர். செல்வர் புதியது வாங்கினர். எளியவன் கையிலோ வாய்வழி நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியே தங்கிற்று.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்த எளியவனை நினைவிற்கொண்டது. அதன் 13-ஆம் பிரிவு, உண்மையாகவே பயிர்க்காவலுக்கு வேண்டுவோர்க்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ வேண்டுவோர்க்கு 20 அங்குலத்துக்குக் குறையாத, வரியில்லாக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் வழங்க வகைசெய்தது. ரைபிளுக்கு அத்தகைய எளிய வழி தரப்படவில்லை. நெடுந்தூரம் கொல்லும் கருவிக்கு மிகுந்த கட்டுப்பாடு வேண்டும் என்பது அதன் கருத்து.

இதுவரை சுடுவோன் பக்கமே நின்று பேசினோம். சுடப்பட்டதன் பக்கமும் நிற்க வேண்டும் அன்றோ? நம் பொட்டல் நிலத்துக்கு உரியது வெளிமான். காட்டில் மறையாமல் வெட்டவெளியில் மேய்வதால் அதற்கு இப்பெயர். கூரிய கண்ணும் விரைந்த காலுமே அதற்குக் காப்பு. திரித்துப்பாக்கிக்கு அக்காப்புப் போதியதாயிருந்தது. ரைபிளுக்கும் தொலைநோக்கிக்கும் அது போதவில்லை. மேய்ச்சல் வெளிகளும் உழவு நிலங்களாகச் சுருங்கவே, ஒருகாலத்தில் இந்தியச் சமவெளியெங்கும் திரிந்த இவ்வினம் அருகிப்போயிற்று.

இக்கரையின் முன்னோர் கடலில் ஓர் ஒழுங்கைக் கையாண்டனர். சலாபத்துக்கு முன்னர்ப் பார்களில் மூழ்கிச் சிப்பிகளை எடுத்துப் பார்ப்பர். அவை முதிரவில்லையாயின் அவ்வாண்டு சலாபம் இல்லை. அவ்வாறு காத்தும், 1961-க்குப்பின் தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. கடலில் எண்ணிப் பார்த்து எடுத்த மனிதன், தரையில் எண்ணிப் பாராமற் கொன்றான்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது. அதனை வேட்டையாடுவோர்க்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 1991-இல் செய்த திருத்தம் பிற அட்டவணை விலங்குகளின் வேட்டையையும் விலக்கியது. 1987-இல், தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ள வல்லநாட்டுக் குன்றும் அதன் சூழலுமாக 16.41 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்வினம் வாழும் தென்கோடி இடங்களுள் அது ஒன்று. கட்டபொம்மனின் படைவீரர் வெள்ளையத்தேவனோடு இணைத்துப் பேசப்படும் ஊரும் அதுவே.

ஆகவே மாணவச் செல்வங்களே, மானை வேட்டையாடக் குறைந்த விலையில் எத்துப்பாக்கி நன்று என்று இன்று எவரேனும் வினவினால், நம் நாட்டில் அதற்கு விலை கூற வேண்டுவதில்லை. சட்டமே விடை கூறிவிட்டது. ஆயினும் பயிர் இழக்கும் உழவனின் குறை தீர்ந்துவிடவில்லை. அவனுக்கு உரிய ஈடும் வேலியும் காலத்தில் கிடைத்தால்தான் மானைக் காக்கும் சட்டம் முழு நீதியாகும். அதற்கு வழிகாண்பது உங்கள் தலைமுறையின் கடமை. வல்லநாட்டு வழியே செல்லும்போது நின்று பாருங்கள். தொலைநோக்கி ஒன்றை இரவல் பெற்றேனும் கொண்டுசெல்லுங்கள். காலைவெயிலில் முறுக்குக் கொம்பை நிமிர்த்தி நிற்கும் கலைமான் உங்கள் கண்ணிற்படலாம்.